தடை எதுவும் இல்லை

காரைக்குடி செக்காலை ரோட்டில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல்மாடியில் நெறிமுகம் சொல்யூஷன்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் இருந்தது. அங்கே ஒரு வேலையைச் செய்வதற்கு முன்னால் அதை எந்த முறையில் செய்வது என்று முடிவு செய்வார்கள். அதற்கும் முன்னால், எந்த முறையில் முடிவு செய்வது என்பதை முடிவு செய்வார்கள். இவ்வளவுக்கும் பிறகு நேரம் மிஞ்சினால் வேலையையும் செய்வார்கள்.

ஆரோக்கிய ஷீலா அங்கே டெஸ்டராக இருந்தாள். மற்றவர்கள் எழுதும் மென்பொருளைத் தட்டிப் பார்த்து, எங்கே ஓட்டை என்று சொல்வது அவள் வேலை. ஒக்கூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போவாள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டுப் படி ஏறும்போதே அம்மா அற்புதம்மாள், "இன்னைக்காச்சும் பெர்மனென்ட் ஆக்குனாகளா?" என்று கேட்பாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே ஷீலா இல்லை என்று தலையாட்டுவாள்.

அந்த நிறுவனத்துக்கு ஒருநாள் கண்டனூரிலிருந்து மெய்யநாதன் வந்தார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய பூர்வீக வீடு ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் போய் முடிகிற வீடு. அதற்கு அவரோடு சேர்த்து ஆறு பங்காளிகள். ஒருவர் கோலாலம்பூர், ஒருவர் கோயம்புத்தூர், மற்ற மூவர் சென்னையில் அங்குமிங்கும். கல்யாணம் காட்சி என்றால்தான் முன்வாசல் திறக்கும். பங்காளிகள் ஒருவரோடு ஒருவர் பேசி வருஷக்கணக்காகிறது. எதற்காகப் பேசுவதில்லை என்று கேட்டால் ஆறு பேரும் ஆறு காரணம் சொல்வார்கள்.

"எங்களுக்குள்ள பேச்சுவார்த்த கிடையாது. ஆனா கல்யாணம் நடக்கணும். யாருக்கு எந்த நாள் வீடு வேணுமோ, போன்லயே பதிஞ்சுக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு குடுங்க. எம்மக மீனலோசனிக்குத் தையில வச்சுருக்கேன். எங்க அப்பச்சிக்கு, எனக்கு, எங்க அக்காமாருக்கு எல்லாம் அந்த வீட்டு வளவுலதான் தாலி கட்டி, திருப்பூட்டு நடந்துச்சு. அவளுக்கும் அங்கதான் நடக்கணும்" என்றார் மெய்யநாதன்.

கேட்டுக்கொண்டிருந்த செல்வின், "ஒரு வாரத்துல முடிச்சிரலாம் சார்" என்றான். அவன் நிரல் எழுதுகிறவன். ஒரு வேலையைச் செய்ய எவ்வளவு நாளாகும் என்று அதைச் செய்யப் போகிறவனே சொல்வது முதிர்ச்சியற்ற செயல் என்று அன்று மாலை அவனுக்கு அறிவுரை வழங்கப்பட்டது.

நிறுவனத்தின் இயக்குநர் மீனாட்சிசுந்தரம் வாட்டர்ஃபால் கட்சி. முதலில் என்ன வேண்டும் என்று எழுதிக் கையெழுத்து, அப்புறம் வரைபடம் போட்டுக் கையெழுத்து, அப்புறம் நிரல், அப்புறம் சோதனை. ஒரு கட்டம் முடிந்தால் முடிந்ததுதான். "அருவித் தண்ணி கீழ விழும். மேல ஏறிப் பாத்திருக்கீகளா?" என்று கேட்பார். அவர் பார்த்ததில்லை என்பதால் மற்றவர்களும் பார்த்ததில்லை என்று ஒப்புக்கொள்வார்கள்.

கார்த்திகேயன் அஜைல் கட்சி. சென்னைக்குப் போய்ப் பயிற்சி எடுத்துச் சான்றிதழோடு வந்தவர். வேலையை இரண்டிரண்டு வாரமாக நறுக்கி, ஒவ்வொரு நறுக்குக்கும் ஸ்பிரிண்ட் என்று பெயர் வைத்தார். சுவரெல்லாம் கலர் காகிதம் ஒட்டினார். "இங்க சார் மோரெல்லாம் கிடையாது, எல்லாரும் சமம்" என்று அவர் அறிவித்தபோது, "சரிங்க சார்" என்றார்கள்.

மெய்யநாதன் வீட்டுக்கு எந்த முறை பொருத்தம் என்று ஒப்பிட ஒரு குழு அமைத்தார்கள். வாட்டர்ஃபால், வீ மாடல், ஸ்பைரல், ஸ்க்ரம், கான்பன் என்று மேலே எழுதி, கீழே கட்டம் கட்டமாக டிக் போட்டார்கள். இந்த ஒப்பீட்டையே எந்த முறையில் செய்வது என்று ஒரு தகராறு வந்தது. முழுசாக ஒப்பிட்டு முடித்துத்தான் வெளியிட வேண்டும் என்றார் மீனாட்சிசுந்தரம். கொஞ்சம் ஒப்பிட்டுக் கொஞ்சம் வெளியிடலாம் என்றார் கார்த்திகேயன். ஆடி போய் ஆவணி வந்தது. கடைசியில் ஒரு கலப்பு முறைக்கு இருவரும் இறங்கி வந்தார்கள். தொடக்கத்தில் வாட்டர்ஃபால்; ஆகவே எழுதியதை மாற்றக்கூடாது. பிற்பாடு அஜைல், ஆகவே மாற்றியதை எழுதக்கூடாது. இரண்டு முறையிலும் இருந்த வசதியை விட்டுவிட்டுத் தொல்லையை மட்டும் சேர்த்துத் தைத்திருந்தார்கள்.

அன்று மீனாட்சிசுந்தரம் எல்லோரையும் கூட்டிப் பேசினார். "வீடு கட்டுறவனெல்லாம் வீடு நிக்கிதான்னு பாப்பான். நம்ம அப்படியில்ல. எப்படிக் கட்டுனோம்னு பாக்குறோம். வீடு விழலாம். நம்ம முறை விழக்கூடாது." கைதட்டல் அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அஜைலில் வாடிக்கையாளர் எப்போதும் கூடவே இருக்க வேண்டும் என்பது விதி. நிஜ வாடிக்கையாளர் கூடவே இருந்தால் ஏதாவது கேட்டுக்கொண்டே இருப்பார் என்பதால், அலுவலகத்திலேயே வேலை பார்த்த சித்ராவை வாடிக்கையாளராக நியமித்தார்கள். சித்ரா கண்டனூருக்குப் போனதில்லை. ஆனாலும் பொறுப்பானவள். மெய்யநாதனாகவே மாறி, விதிப்படி ஒரு வரி எழுதிக் கொடுத்தாள்: "ஒரு பங்காளியாக, நான் என் வீட்டைப் பதிவு செய்ய விரும்புகிறேன்."

பங்காளிகள் ஆறு பேர். ஆளுக்கு ஒரு என் வீடு. எழுதியதை மாற்றக்கூடாது என்ற விதி நினைவிருந்ததால் செல்வினும் எழுதியபடியே செய்தான். கண்டனூரில் ஒன்றாக இருந்த வீடு கம்ப்யூட்டருக்குள் ஆறு வீடாக எழும்பி நின்றது.

இதைக் கண்டுபிடித்தவள் ஷீலா. ஒரே முகூர்த்தத்துக்கு ஆறு பங்காளிகள் பெயரிலும் பதிந்து பார்த்தாள். ஆறுக்கும் பச்சை நிறத்தில் "வாழ்த்துகள், வீடு உங்களுக்கே" என்று வந்தது. சிரித்துக்கொண்டே எழுந்து போய் மீனாட்சிசுந்தரத்திடம் சொன்னாள். "அது தேவை எழுதுற கட்டம்மா. அது முடிஞ்சு கையெழுத்தாயிருச்சு. தண்ணி கீழ வந்துருச்சு" என்றார். கார்த்திகேயனிடம் போனாள். அவர் எழுந்து நின்று, "அருமையான கண்டுபிடிப்பு. எல்லாரும் ஷீலாவுக்குக் கைதட்டுங்க" என்றார். தட்டினார்கள். பிறகு அதை ஒரு மஞ்சள் காகிதத்தில் எழுதி பேக்லாக் என்ற பட்டியலில் சேர்த்தார். பிற்பாடு செய்ய வேண்டியவை அந்தப் பட்டியலுக்குப் போகும். போனது எதுவும் திரும்பி வந்து யாரும் பார்த்ததில்லை.

அதைச் சரிசெய்ய அரைமணி நேரம் போதும் என்றான் செல்வின். அவன் சொன்னால் ஆயிற்றா? எல்லோரும் சீட்டுக்கட்டு மாதிரி எண் போட்ட அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, வேலை எவ்வளவு பெரிது என்று ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். காட்டினார்கள். ஒத்துவரவில்லை. திரும்பக் காட்டினார்கள். மத்தியானம் தொடங்கியது டீ வந்து ஆறிய பிறகும் ஓடியது. முடிவில், இது ஒரு ஸ்பிரிண்டில் அடங்காத பெரிய வேலை என்று தேறியது. பெரிய வேலையைப் பிரித்துச் செய்ய வேண்டும். எனவே ஸ்பிரிண்டுக்கு ஒரு வீடு வீதம் குறைத்துக்கொண்டே வரலாம் என்று கார்த்திகேயன் யோசனை சொன்னார்.

"வாடிக்கையாளரா நான் இதுக்கு ஒத்துக்கமாட்டேன். ஆறு வீடு இருக்கு, அதை ஒண்ணாக்குறீக. எனக்கு இதுல என்ன லாபம்?" என்றாள் சித்ரா.

வாடிக்கையாளர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. மஞ்சள் காகிதம் பட்டியலின் அடிக்குப் போனது.

தினமும் காலையில் ஸ்டாண்டப் என்று ஒரு கூட்டம். எல்லோரும் வட்டமாக நின்று ஆளுக்கு மூன்று கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். நேற்று என்ன செய்தீர்கள், இன்று என்ன செய்யப் போகிறீர்கள், ஏதாவது தடை இருக்கிறதா. நின்றுகொண்டே பேசினால் சுருக்கமாகப் பேசுவார்கள் என்பது தத்துவம். கால் வலி கண்டவர்கள் சுவரில் சாய்ந்துகொண்டு விரிவாகப் பேசினார்கள்.

மறுநாள் ஷீலாவின் முறை வந்தபோது, "தடை இருக்கு. ஆறு வீடு" என்றாள். கூட்டம் முடிந்ததும் கார்த்திகேயன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஆதரவான குரலில் சொன்னார்: "தடைன்னு நீங்க சொன்னா டீமோட வேகம் குறைஞ்சதா கணக்காகும். உங்க பெர்மனென்ட் விஷயம் வேற இப்பத்தான் மேல போயிருக்கு. யோசிச்சுச் சொல்லுங்க."

ஷீலா யோசித்தாள். அற்புதம்மாள் படியில் நின்று கேட்கும் கேள்வியையும் யோசித்தாள். அதற்கு அடுத்த காலையில் இருந்து, "தடை எதுவும் இல்லை" என்று சொல்லத் தொடங்கினாள். முதல் நாள் நாக்கு கொஞ்சம் இடறியது. அப்புறம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வருகிற அளவுக்குப் பழகிவிட்டது.

ஐப்பசியில் ஆப் வெளியாகி, பங்காளிகள் போனுக்கெல்லாம் போனது. ஒருநாள் மெய்யநாதன் மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு தூக்குச்சட்டி. வாடிக்கையாளர் வந்திருக்கிறார் என்று உள்ளே சொல்லி அனுப்பினார்கள். வாடிக்கையாளர் ஏற்கெனவே உள்ளே மீட்டிங்கில் இருக்கிறார் என்று பதில் வந்தது. அவர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பக்கமாகப் போன ஷீலாவைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏ ஆத்தா, நீதானே எல்லாத்தையும் தட்டிப் பாக்குற புள்ள? நாளப் பதிஞ்சுட்டேன். பச்சைக் கலர்ல வாழ்த்துன்னு வந்துருச்சு. நம்பிப் பத்திரிகை அடிக்கலாமா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கார்த்திகேயன் நின்றிருந்தார். அவர் இங்குட்டுப் பார்த்தாரா இல்லையா என்பது ஷீலாவுக்குக் கடைசிவரை தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் திரும்பவில்லை.

"தடை எதுவும் இல்லைங்கய்யா" என்றாள்.

"அப்பச் சரி" என்று அவர் தூக்குச்சட்டியைத் திறந்து, வீட்டில் செய்த மணகோலம் என்ற பலகாரத்தை ஒரு கை அள்ளி அவள் கையில் கொட்டினார். "சாப்புடாத்தா. கல்யாணத்துக்கு மொத பண்டம்."

அவள் அதைத் தின்றாள். நன்றாக இருந்தது. அதுதான் பிற்பாடு அவளைப் படுத்தி எடுத்தது.

மார்கழி பிறக்கும் முன்னே இரண்டு கல்யாணப் பத்திரிகைகள் ஒன்றோடொன்று மோதின. கோலாலம்பூர் பங்காளி மகளுக்கும் அதே நாள், அதே முகூர்த்தம், அதே வீடு. அவருக்கும் பச்சைக் கலர் வந்திருந்தது. யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும். "நாந்தானே இதைச் செய்யச் சொன்னேன்" என்று மெய்யநாதன் விட்டுக்கொடுத்தார். வருஷக்கணக்காக ஓடு மாற்றி, சுண்ணாம்பு அடித்து அந்த வீட்டைக் காப்பாற்றி வந்தவர், கடைசியில் கல்லூரிச் சாலையில் ஒரு மண்டபத்தைப் பிடித்தார்.

கல்யாணத்துக்கு நிறுவனத்தில் எல்லோருக்கும் அழைப்பு வந்தது. எல்லோரும் போய் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். மெய்யநாதன் மண்டப வாசலில் கைகூப்பிக்கொண்டு நின்றார். ஷீலாவைக் கண்டதும், "வா ஆத்தா, இருந்து சாப்புட்டுத்தான் போகணும்" என்றார். மேடையில் தெர்மோகோலில் செய்த தூண்கள் நின்றன. பார்த்தால் செட்டிநாட்டு வீட்டுத் தேக்குத் தூண் மாதிரியே இருக்கும் என்று மண்டபக்காரர் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார். ஷீலா இலையில் உட்கார்ந்தாள். பரிமாறியதைத் தொடவில்லை. தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிட்டாள்.

நடந்ததைத் திரும்பிப் பார்க்க அடுத்த வாரம் ஒரு கூட்டம் போட்டார்கள். அந்தக் கூட்டத்துக்கு ஒரே விதி, யார் மீதும் குற்றம் சொல்லக்கூடாது. அவரவர் மனதில் பட்டதைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டும். "மண்டபத்துல ஏசி நல்லா இருந்துச்சு" என்று ஒருவர் ஒட்டியிருந்தார். ஷீலா எழுதி ஒட்டினாள்: "எனக்கு முன்னாடியே தெரியும். அவர் கேட்டார். நான் பொய் சொன்னேன்."

கார்த்திகேயன் அதைப் படித்தார். முகம் சுருங்கியது. "ஷீலா, இதுல 'நான்' வருது. குற்றம் சொல்றது கூடாதுன்னு பேசியிருக்கோம். உங்களையே சொல்லிக்கிறதும் அதுல சேரும்" என்று சொல்லி, அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டு வேறு ஒன்றைத் தானே எழுதி ஒட்டினார். "தகவல் பரிமாற்றத்தில் மேலும் மெருகேற்ற வாய்ப்பு உள்ளது."

"சார், நான் பொய்தான் சொன்னேன்."

"அப்படி நீங்க நினைக்கிறீங்க. முறை அப்படி நினைக்கல."

தப்பு செய்தவளுக்கு அதை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டாமா? அந்த மாடி முழுக்கத் தேடினாலும் அப்படி ஓர் இடம் இல்லாதபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தை முடிவதற்குள் ஆண்டு விழா நடந்தது. குறித்த நாளில், குறித்த முறையில் முடிந்த திட்டம் என்று கண்டனூர் வீட்டுத் திட்டத்துக்குப் பரிசு அறிவித்தார்கள். மீனாட்சிசுந்தரம் உருக்கமாகப் பேசினார். "வாடிக்கையாளருக்கு ஒரு சின்ன மனவருத்தம் இருக்குன்னு கேள்விப்பட்டேன். மனவருத்தம் நம்ம ஒப்பந்தத்துல எங்கயும் இல்ல. எதுக்கும் தேடிப் பாத்துட்டேன்." அடுத்து ஷீலாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். திட்டம் முழுவதும் அதிக நாள் தடை இல்லை என்று சொன்ன ஊழியர் அவள்தான். தடையில்லாப் பணியாளர் என்று பொறித்த கேடயத்தையும் நிரந்தர ஆணையையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். சுவர்ப் பலகையில் செய்தது, செய்வது, தடை என்று மூன்று பத்திகள் உண்டு. தடைப் பத்தி எப்போதும் காலியாகவே கிடந்ததால், கேடயம் வாங்கும் ஷீலாவின் படத்தைப் பெரிதாக்கி அங்கே ஒட்டினார்கள்.

அற்புதம்மாள் கேடயத்தை மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஷீலா அதை எடுத்து அலமாரிக்குள் வைத்தாள். அற்புதம்மாள் திரும்ப மாதாவிடம் வைத்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஷீலா மாதா கோயிலில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். முழந்தாளிட்டதும் வாய் பழக்கதோஷத்தில், "சாமி, போன தடவைக்கப்புறம் என்ன செஞ்சேன்னா, இனிமே என்ன செய்யப் போறேன்னா" என்று ஆரம்பித்துவிட்டது. சாமியார் குழம்பிப் போய், "மெதுவாச் சொல்லும்மா" என்றார். அவள் மெதுவாகச் சொன்னாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இத யார்கிட்டச் சொல்லணுமோ அவருகிட்டச் சொன்னியா?" என்று கேட்டார்.

மறுநாள் பூசை முடிந்ததும் கண்டனூர் பஸ் ஏறினாள்.

பெரிய வீட்டின் பின்கட்டில் ஓர் அறையில் மெய்யநாதனும் அவர் மனைவியும் குடியிருந்தார்கள். ஷீலா போனபோது அவர் மட்டும் இருந்தார். முன்வாசல் பூட்டிக் கிடந்தது. உள்ளே கூட்டிப் போய் நாற்காலி போட்டார். அவள் உட்காரவில்லை.

"ஐயா, இந்த வீட்ட ஒரே நாளுக்கு ரெண்டு பேரு பதியலாம்னு எனக்கு முன்னாடியே தெரியும். நீங்க வந்து கேட்டப்பவே தெரியும்."

அவர் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தார்.

"எங்கிட்ட இல்லைன்னு சொன்னியே ஆத்தா."

"ஆமாங்கய்யா."

"மணகோலம் வாங்கித் தின்னியே."

"ஆமாங்கய்யா." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "வேலை நிரந்தரமாகணும்னு பயந்துட்டேன்."

பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லுவார் என்று அவள் உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தாள். அப்படி எதிர்பார்த்ததற்கும் சேர்த்து வெட்கப்பட்டாள்.

"அன்னைக்கு மண்டபத்துல எம்மக அழுதுச்சு" என்றார் மெய்யநாதன். "மிஷின் பண்ண தப்புக்கு யார என்ன சொல்றதுன்னு சொல்லி அடக்குனேன். அதுவும் சமாதானமாயிருச்சு. இனிமே நான் அப்படிச் சொல்ல முடியாதுல்ல." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி, அது போகட்டும். மாசியில கோயம்புத்தூர்க்காரரு பேரனுக்கு இங்க கல்யாணம் வச்சிருக்காக. பங்குனியில இன்னொருத்தர் வீட்டு விசேஷம். இப்பவாச்சும் அதைச் சரி பண்ணிட்டீகளா?"

அவளுக்கு அந்த மஞ்சள் காகிதம் ஞாபகத்துக்கு வந்தது. நாக்கின் நுனியில் அந்தப் பழைய வார்த்தைகள் வந்து வரிசையாக நின்றன. அவள் அவற்றை விழுங்கினாள்.

"இல்லைங்கய்யா. பண்ணல. பண்ணவும் மாட்டாக."

மெய்யநாதன் எழுந்து போய்த் தன் போனை எடுத்து வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு பெயரைத் தேடினார். விரல் அதன் மேலேயே கொஞ்ச நேரம் நின்றது. அவரும் அந்த மனிதரும் கடைசியாகப் பேசியபோது மீனலோசனி தொட்டிலில் கிடந்தாள். அழுத்தினார். அங்குட்டு யாரோ எடுத்ததும், "நான் கண்டனூர் மெய்யநாதன் பேசுறேன்" என்று மட்டும் சொல்லி, போனை ஷீலாவிடம் நீட்டினார். "சொல்லு. எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லு."

அவள் சொன்னாள். வசவு கேட்டாள். அடுத்த எண்ணைப் போட்டுக் கொடுத்தார். திரும்பவும் முதலிலிருந்து சொன்னாள், ஒவ்வொரு தடவையும் "நான்" என்பதை விடாமல். கோலாலம்பூர்க்காரர் மட்டும் எல்லாம் கேட்டுவிட்டுப் போனை மெய்யநாதனிடம் கொடுக்கச் சொன்னார். அவர் வாங்கிக்கொண்டு முற்றத்துப் பக்கம் நடந்து போனார். அங்கே என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஷீலாவுக்குக் கேட்கவில்லை. வெகுநேரம் பேசினார்கள்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல வட்டமாக நின்றார்கள். ஷீலாவின் முறை வந்தது.

"நேத்து என்ன செஞ்சீங்க?" என்றார் கார்த்திகேயன்.

"நேத்து ஞாயித்துக்கிழமை சார். கண்டனூர் போயி, பங்காளி எல்லாருக்கும் போன் போட்டு, இருக்குறது ஒரே வீடுதான், நம்ம ஆப்ப நம்பாதீகன்னு சொன்னேன்."

மீனாட்சிசுந்தரம் தன் அறைக் கதவைத் திறந்துகொண்டு வந்து நின்றார். "வாடிக்கையாளரான என்கிட்டக் கேக்கவே இல்லையே" என்றாள் சித்ரா.

கார்த்திகேயன் முறையிலிருந்து வழுவாதவர். "இன்னைக்கு என்ன செய்யப் போறீங்க?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"செல்வின் அரைமணி நேரத்துல சரி பண்ணிருவான். நான் பக்கத்துல உக்காந்து பாக்கப் போறேன். அதுக்கப்புறம் வேலையை விட்டுப் போகச் சொன்னீகன்னா போயிருவேன்."

செல்வின் தலையைக் குனிந்தபடி, "இருபது நிமிஷம் போதும்" என்றான்.

"தடை?" என்றார் கார்த்திகேயன்.

"இருக்கு."

அந்த நிறுவனத்தின் முறைமையில் இதற்கு அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். தடையை ஒரு சிவப்புக் காகிதத்தில் எழுதிப் பலகையில் அதற்குரிய பத்தியில் ஒட்ட வேண்டும். கார்த்திகேயன் சிவப்புக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பலகைக்கு முன்னால் போய் நின்றார். ஒட்ட இடமில்லை. தடை என்ற தலைப்புக்குக் கீழே பத்தி முழுவதையும் அடைத்துக்கொண்டு, கேடயத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி ஷீலா நின்றிருந்தாள்.

ஷீலா வட்டத்தைவிட்டு வெளியே வந்தாள். படத்தின் ஒரு மூலையை நகத்தால் கிளப்பி, கிழியாமல் மெதுவாகப் பிரித்து எடுத்தாள்.

"இப்ப ஒட்டுங்க சார்" என்றாள்.